ஒரு நாழிகைத் தங்கல்



பழங்கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அவ்வாறு நோக்கின் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்விலக்கிய வட்டம் கடந்து வந்தது ஏறத்தாழ 2,19,000 நாழிகை. அவற்றுள் ஒரே ஒரு நாழிகையை மட்டும் கேட்கும் மலை ஒன்று நம் பக்கத்தில் நிற்கின்றது. சோளிங்கர் மலை அது. அம்மலையைப் பற்றியும், மலையில் தங்குதல் என்பதைப் பற்றியும் சில எண்ணங்களை இவ்வவைமுன் வைப்பது இவ்வுரையின் நோக்கம்.

மலையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். ஆயினும் அருவியையும் முகிலையும் பாடிய அளவுக்கு, மலையில் இரவைக் கழிப்பது எப்படி என்பதைப் பாடியவர் மிகுதியில்லை. இவ்வகையில் தனித்து நிற்பது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும்போது வழியை மட்டும் சொல்லவில்லை. எங்கே நிற்கலாம், எங்கே உண்ணலாம், இருட்டினால் எங்கே ஒதுங்கலாம் என்பதையும் சொல்கின்றார். பொழுது சாய்ந்தபின் நடக்க வேண்டா, தம் வீட்டுக்குள் நுழைவது போலப் பாறைக் குகைக்குள் நுழைந்து தங்குக என்பது அவர் தரும் அறிவுரை. குறவர் குடியிருப்பை அடைந்தால் வாயிலில் தயங்கி நிற்க வேண்டா, உரிமையோடு உள்ளே செல்க என்றும் கூறுகின்றார். நன்னனது செங்கண்மா இன்றைய செங்கம். அவனது நவிரமலை பருவதமலை என்பர். வேலூர் வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்திலேயே மலைத் தங்கலின் முதல் இலக்கணம் எழுதப்பட்டுள்ளது எனலாம். அவ்விலக்கணத்தில் வாடகையும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை.

பொதியில் என்னும் சொல்லையும் ஈண்டு நினைக்கலாம். ஊர் நடுவே வழிப்போக்கரும் தங்கும் அம்பலத்துக்கும் பொதியில் என்று பெயர். அகத்தியர் உறையும் மலைக்கும் பொதியில் என்று பெயர். பொது இல் என்று பிரித்துப் பொருள் காண்பார் உளர். வேறு விளக்கம் தருவாரும் உளர். சொல்லாராய்ச்சியை அறிஞரிடம் விட்டுவிடலாம். ஒரு மலைக்கும் ஒரு பொது வீட்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது என்பதே கவிஞர்க்குப் போதும்.

இனிச் சோளிங்கருக்கு வருவோம். கொண்டபாளையத்திலிருந்து பெரியமலைக்கு 1,305 படிகள். மேலே யோக நரசிம்மர், அமிர்தவல்லித் தாயார். எதிரே சின்னமலைக்கு 406 படிகள்; அங்கே யோக ஆஞ்சநேயர். பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருக்கடிகை இதுவே. ஊர்க்கோயிலில் எழுந்தருளும் பெருமானுக்கு 'அக்காரக்கனி' என்பது திருமங்கையாழ்வார் வழி வந்த பெயர். அக்காரம் சருக்கரை. சருக்கரையே கனியாய்க் காய்க்கும் மரம் உலகில் எங்கும் இல்லை. இல்லாத மரத்தின் கனிக்கு ஊரெல்லாம் நாவூறும்படி செய்தது ஒரு புலவனின் சொல்; வட்டத்துக் கவிஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கடிகை என்றால் நாழிகை. இம்மலையில் ஒரு கடிகைப் பொழுது தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது தலபுராணக் கொள்கை. விசுவாமித்திரர் இங்கே ஒரு நாழிகை வழிபட்டுப் பிரம்மரிஷி ஆனார் என்று புராணம் சொல்லும். நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. இலக்கிய மாணவர் நோக்க வேண்டியது வேறொன்று. பிற மலைத்தலங்கள் பலவற்றில் ஏறும் துன்பமே புண்ணியமாகப் போற்றப்படுகின்றது: இத்தனை படி, இத்தனை சுற்று, இத்தனை காவடி என்று கணக்குச் சொல்வர். இங்கோ ஏறுவதற்கே இரண்டு மூன்று நாழிகை ஆகும். அவை கணக்கில் சேர்வதில்லை. மேலே சென்று சும்மா இருக்கும் ஒரு நாழிகையே கணக்கு. மலை கேட்பது காலின் வலிமையை அன்று, இருப்பை.

சின்னமலைச் சிற்பம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. அனுமன் ஓடுபவன், தாவுபவன், தூது செல்பவன். கடலைக் கடக்கையில் இடையே எழுந்த மைநாக மலை தங்கி இளைப்பாறிச் செல்லுமாறு வேண்டியும் தங்காதவன். அத்தகையவன் இங்கே யோக நிலையில் அமர்ந்திருக்கின்றான். நான்கு கைகள், அவற்றுள் சங்கும் சக்கரமும். தவமிருந்த முனிவர்களைக் காலகேயர் என்னும் அரக்கரிடமிருந்து காத்தபின் அவ்விடத்திலேயே தங்கிவிட்டான் என்பது கதை. முகம் பெரியமலையை நோக்கியுள்ளது. எந்த மலையும் தங்கவைக்க இயலாதவனை இச்சிறு குன்று தங்கவைத்தது. (அவனுடைய இனத்தார் இன்றும் படியெங்கும் தங்கியிருக்கின்றனர், தேங்காயும் பழமும் கொண்டு ஏறுவோர் கையில் ஒரு கோலும் கொண்டு ஏறுவது நலம்.)

கடிகைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பல்லவர் காலத்தில் உயர்கல்விக் கூடத்துக்குக் கடிகை என்று பெயர். கதம்பர் குல முதல்வனான மயூரசர்மன் தன் ஆசான் வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். இரண்டாம் நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்த செய்தியைச் சொல்லும் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டிலும் கடிகையார் இடம்பெறுகின்றனர். நாழிகைக்கும் கல்விக் கூடத்துக்கும் ஒரே சொல் வந்தது எவ்வாறு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஓரிடத்தில் பொழுதைத் தங்கிக் கழித்தாலன்றிக் கல்வி இல்லை என்பது வகுப்பறையில் நிற்பவர் எவருக்கும் தெரிந்த உண்மை.

ஊரின் அரசியல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதற் பராந்தகன் காலத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்று, அவன் வாணரை வென்று கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வாணாதிராசன் என்னும் பட்டம் தந்ததையும், சோழவாரிதி என்னும் ஏரியையும் குறிக்கின்றது. 1781 செப்டம்பர் 27இல் ஐதர் அலியின் படையை அயர் கூட்டின் படை இவ்வூரருகே வென்றது. அதன் நினைவாக இவ்வூர்ப் பெயர் படைப்பிரிவுகளின் போர்ச்சிறப்புகளில் ஒன்றாயிற்று. ஒரு பகலில் முடிந்த போர் அது. வந்தவர்கள் தங்கவில்லை.

தங்கியவர் ஒருவரின் கதை அதைவிட நெடுநாள் நிற்கின்றது. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாச்சாரியார், வேதாந்த தேசிகரின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் உரை வரைந்தவர். ஆண்டுதோறும் வைகாசியில் காஞ்சி வரதராசப் பெருமாளின் கருட சேவைக்குச் செல்வது அவர் வழக்கம். ஓராண்டு செல்ல இயலவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று அவர் உருகவே, வரதர் அங்கேயே காட்சி தந்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகின்றது. இன்றும் காஞ்சியில் கருட சேவையன்று கோபுர வாயிலில் பெருமானை ஒரு கணம் குடைகளால் மறைப்பர். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கருக்குச் சென்று வருகின்றாராம். பயணம் செய்ய இயலாமல் ஊரில் தங்கிவிட்ட ஒருவருக்காக ஒரு பெருந்திருவிழா நடுவழியில் கண் மூடிக்கொள்கின்றது! இவ்வளவு மென்மையான ஒரு வழக்கத்தை எந்தக் காப்பியப் புலவன் கற்பனை செய்துவிட முடியும்?

அதே தக்கான் குளக்கரைக்கு வேறொரு கூட்டமும் வந்துகொண்டிருக்கின்றது. மனம் பிறழ்ந்தோரை அழைத்துவரும் குடும்பத்தார் அவர்கள். குளத்தில் நீராட்டிச் சின்னமலை ஏற்றி, நாட்கணக்கில் தங்கவைத்து, ஆஞ்சநேயர் கனவில் வந்து உத்தரவு தரும்வரை காத்திருப்பது மரபு. கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறந்து நோக்குகின்றார் என்னும் நம்பிக்கையால் அப்போது கூட்டம் பெருகும். படித்தவர்கள் இதனை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்குவர். அச்சொல் முழுதும் பிழையுமன்று, முழுதும் சரியுமன்று.

பிழையன்று என்பதற்கு ஏர்வாடியே சான்று. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியலில் ஏர்வாடித் தர்கா அருகே தனியார் நடத்திய மனநோயாளர் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தங்க வைப்பதற்கும் கட்டிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தீ நாட்டுக்கே காட்டியது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்துள்ளது.

முழுதும் சரியன்று என்பதற்கும் சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் தங்கியிருந்த கடும் மனநோயாளர் 31 பேரை மருத்துவர் இரகுராமும் குழுவினரும் ஆய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அங்கே மருந்தில்லை, சிறப்புச் சடங்கும் இல்லை. உறவினர் ஒருவர் உடனிருக்க, கோயிலைப் பெருக்கிச் செடிக்கு நீர் ஊற்றிச் சில வாரங்கள் தங்கினர், அவ்வளவே. நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதனால் மருத்துவமனை வேண்டா என்பது பொருளன்று. அவ்வாறு சொல்வது குற்றமாகும். எவரும் விரட்டாத இடம், உடன் ஒருவர், செய்யச் சிறு வேலை, அவசரமில்லாப் பொழுது ஆகியவை தம்மளவில் சிறிதேனும் ஆற்றும் என்பதே பொருள். இல்லத்துக்குள் நுழைவது போல நுழைக என்ற பெருங்கௌசிகனார் இதையல்லவா அறிந்திருந்தார்?

ஆனால் எவரும் விரட்டாத இடம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. சத்திரங்கள் பல சாதிக்கொன்றாய்க் கட்டப்பட்டவை. பொதியில் பெயரளவில் மட்டுமே பொதுவாக இருந்த காலம் நெடியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் சுண்ணாம்புக் குழியில் கைவெந்து தோல் பதனிட்டோரில் மிகப் பலருடைய முன்னோர்க்குச் சென்னை மாகாணத்துப் பெருங்கோயில்களின் வாயில் மூடியே இருந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபின்பே அவர்கள் உரிமையோடு உள்ளே செல்லச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஒரு நாழிகை தங்கினால் வீடுபேறு என்ற மலை மரபைப் போற்றுபவர், அந்த ஒரு நாழிகை எத்தனை தலைமுறைக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

வெள்ளையர் மலைமேல் கட்டிய விடுதிகளின் வரலாறும் இதற்கு அயலானதன்று. கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சல்லிவன் 1822-23இல் உதகையில் கட்டிய கல் வீடே அங்கு ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடு. வெயிலினின்று தப்புவதும் சமவெளி மக்களினின்று விலகியிருப்பதும் மலைவாசத் தலங்களின் இரு நோக்கங்கள். அவற்றின் சங்கங்கள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலவில்லை. உயரம் என்பது பிறரைக் கீழே நிறுத்துவதற்குப் பயன்பட்டது. இதிலும் ஒரு திருப்பம் உண்டு. சல்லிவனின் கல் வீடு பின்னாளில் உதகை அரசு கலைக் கல்லூரியின் பகுதியாயிற்று. மலைவிடுதி கடிகையானது! அங்கே பயிலும் பிள்ளைகளுள் யாரேனும் இதை ஒரு கவிதையாக்கினால் நல்லது.

சோளிங்கர் பெரியமலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. படியேற முடியாத முதியோரும் உடல் ஊனமுற்றோரும் இப்போது மேலே செல்கின்றனர். வாழ்நாள் முழுதும் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுத் திரும்பிய மூதாட்டிகள் நரசிம்மரை நேரில் காண்கின்றனர். இதனைக் குறை சொல்பவர் தம் முழங்கால் வலுவாயிருப்பதால் சொல்கின்றனர். ஆயினும் ஊர்திக்குத் திரும்பும் வரிசை என ஒன்று உண்டு. சன்னிதியில் நிற்கும்போதே மனம் அவ்வரிசைக்குப் போய்விடுகின்றது. ஏறும் நேரம் சில நிமிடங்களாய்க் குறைந்தது; மிஞ்சிய நேரம் மலைமேல் சேரவில்லை, சாலையில் சேர்ந்தது. கைக்கடிகாரத்தில் 24 நிமிடம் பார்த்து அமர்ந்திருப்போர் எத்தனை பேர் என்று அடுத்த முறை செல்லும் வட்டத்து அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

சின்னமலைக்கு ரோப் கார் இல்லை. அங்கே 406 படிகளையும் நடந்தே ஏற வேண்டும். குளித்த ஈரம் காயாத கூந்தலோடு ஒரு பெண்ணைத் தாயொருத்தி கைப்பிடித்து ஏற்றிச் செல்வதை அங்கே காணலாம். பத்துப் படிக்கு ஒருமுறை மகள் நின்றுவிடுவாள். தாயும் நிற்பாள், இழுக்க மாட்டாள். மகளாக அடுத்த படியில் கால் வைக்கும்வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருப்பாள்.