துடைப்பம் கட்டும் கல்லூரி

(நம் சங்கத்தின் கல்வி உதவித்தொகைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரி வாழ்க்கை என்றால் நம் பிள்ளைகள் மனத்தில் சினிமாவில் கண்ட கல்லூரிதான் நிற்கிறது. அமெரிக்கக் கல்லூரி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த அமெரிக்காவிலேயே, கெண்டக்கி மாநிலத்தில், பெரீயா என்ற சிற்றூரில் ஒரு சிறிய கலைக்கல்லூரி இருக்கிறது. மாணவர் தொகை சுமார் 1,500. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளையே தேடிச் சேர்க்கிறார்கள். 1892 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை.

அங்கே ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். சாப்பாட்டுக்கூடம், பண்ணை, நூலகம், தறி என்று பல வேலைகள். சிலர் துடைப்பம் கட்டுகிறார்கள். ஆம் தோழர்களே, வரலாறும் தத்துவமும் படிக்கிறவர்கள் கட்டும் துடைப்பம் கடையில் விலைக்குப் போகிறது! சொற்பக் கூலி உண்டு. படிப்புக்கு மதிப்பெண் போடுவதுபோல வேலைக்கும் தனி மதிப்பீடு உண்டு.

ஏழை மாணவன் காண்டீனில் வேலை செய்து படிப்பது மற்ற கல்லூரிகளிலும் உண்டு. ஆனால் அங்கே ஒருவன் பரிமாறுகிறான், ஒருவன் சாப்பிடுகிறான். மாலையில் இருவரும் தோளில் கைபோட்டு நடப்பார்களா? பெரீயாவில் எல்லாரும் வேலை செய்வதால், பரிமாறுகிறவன் என்றொரு தனிச் சாதி முளைக்க இடமில்லை. வேலை மட்டுமே என்றும் எண்ணவேண்டாம். அக்டோபரில் ஒரு நாள் வகுப்பை மூடிவிட்டு எல்லாரும் மலையேறுகிறார்கள். பிடில் இசையும் நாட்டுப்புற நடனமும் உண்டு.

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. அடிமைமுறை இருந்த மாநிலத்தில், அதை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855-இல் தொடங்கிய பள்ளி இது. 1859-இல் ஆயுதக் கூட்டம் வந்து அவர்களை ஊரைவிட்டே துரத்தியது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் திரும்பி வந்தார்கள். 1866-67-இல் 187 மாணவர்கள். 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த கார்ட்டர் உட்சன் 1903-இல் இங்கே பட்டம் பெற்று, பின்னாளில் கறுப்பர் வரலாற்றை எழுதிய அறிஞரானார். மறு ஆண்டே, இரு இனத்தாரும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கல்லூரி வழக்காடியது. 1908-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1950-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே கறுப்பு மாணவர்கள் மீண்டும் நுழைய முடிந்தது.

புகழ் மட்டும் பாடுவது நம் வழக்கமல்ல. அந்தச் சட்டம் வருமுன்பே நிர்வாகம் மலைநாட்டு வெள்ளையரை நாடிப் போனதில் கறுப்பர் பங்கு சுருங்கத் தொடங்கிவிட்டது. கட்டணமில்லாப் படிப்பும் துடைப்பம் விற்ற காசில் நடக்கவில்லை. 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட மூலதன நிதி பின்னால் இருக்கிறது. இதை மறைத்தால், "ஏழை உழைத்துப் படிக்கட்டும், சர்க்கார் எதற்குச் செலவழிக்க வேண்டும்?" என்று நாளைக்கே ஒரு மந்திரி மேடையேறிவிடுவார்.

இனி நமது மாணவர் விடுதிக்கு வருவோம். முறை வைத்து எல்லா மாணவரும் வேலை செய்யட்டும் என்று நாங்கள் சொன்னதும், "படிக்க அனுப்பினோமா, பாத்திரம் தேய்க்க அனுப்பினோமா?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கோபம் நியாயமானது. கேங்மேனாக முதுகு ஒடிந்தவர், தம் பிள்ளை கையில் துடைப்பத்தைக் காண விரும்பமாட்டார். ஆனால் விடுதியில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கும் ஒரு மகன் இருக்கிறான். நம் மாலை வகுப்பில், தன் தாய் யார் தட்டைக் கழுவினாளோ அவன் பக்கத்தில்தான் உட்காருகிறான்.

அந்த அம்மாளின் சம்பளத்தில் ஒரு பைசா குறையாது; அவர் சமையல் பொறுப்புக்கு மாறுகிறார். தேர்வு மாதத்தில் மாணவர்களின் வேலை நேரம் பாதி. முறைப் பட்டியலில் முதல் வாரம் நிர்வாகிகளின் பிள்ளைகள் பெயர்தான் இருக்கிறது. பட்டியலைச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. எதிர்ப்பவர்களும் அவசியம் வந்து பேசவேண்டும்.