தீர்ப்பு உண்டு, தீர்வு எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாடுகளுக்கு இடையிலான வாணிபத் தகராறு என்றதும், ‘அது அமைச்சர்களும் வழக்கறிஞர்களும் ஜெனீவாவில் பேச வேண்டிய விவகாரம், நமக்கென்ன?’ என்று தோன்றலாம். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் வடை பொரிவதும், கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறுவதும் செம்பனை எண்ணெய்தான். 1917-இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிப நோக்கில் நடப்பட்ட அந்த மரத்தோடு நம் சமுதாயத்தின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. பால் மரம் சீவிய குடும்பங்களே பின்னாளில் செம்பனைக் குலை வெட்டின. ஆகவே, செம்பனைக்கு வரும் வழக்கு நம் வீட்டு வழக்கும்கூட.

உலக வாணிப அமைப்பு 1995 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. பத்தாம் தேதியே முதல் வழக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதிக்கு மலேசியா தடை விதித்ததாக சிங்கப்பூர் தொடுத்த வழக்கு அது. இரு நாடுகளும் பேசின. அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் வழக்கை மீட்டுக்கொண்டது. அண்டை வீட்டார் இருவரும் மனம் வைத்ததால் ஆறே மாதத்தில் முடிந்தது.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. காடழிப்பைக் காரணம் காட்டி, செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருளைத் தன் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் நீக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. மலேசியா 2021 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது 2024 மார்ச்சில். சுற்றுச்சூழலைக் காக்க விதி வகுக்கும் உரிமை ஐரோப்பாவுக்கு உண்டு; ஆனால் அவ்விதியை வகுத்து நடத்திய முறையில் குறைகள் உண்டு என்றது அறிக்கை. இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. மூன்றாண்டு போனதே, அந்த இழப்புக்கு ஈடு? கிடையாது. இந்த அமைப்பின் தீர்ப்பு இனிமேல் விதியைத் திருத்தச் சொல்லுமே தவிர, போன பணத்தை மீட்டுத் தராது.

இதைவிடப் பெரிய சிக்கல் மேல்முறையீடு. ஏழு பேர் அமர வேண்டிய மேல்முறையீட்டு அமைப்பில் புதிய நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்தது. ஒரு வழக்கைக் கேட்க மூவர் வேண்டும். 2019 டிசம்பரில் ஒருவரே மிஞ்சினார். 2020 நவம்பரில் அவர் பதவிக்காலமும் முடிந்தது. இப்போது தோற்ற நாடு, ஆளில்லாத அந்த மன்றத்துக்கு மேல்முறையீடு செய்தால் போதும், தீர்ப்பு கிடப்பில் போய்விடும். நிக்கல் தாது வழக்கில் தோற்ற இந்தோனேசியா 2022 டிசம்பரில் அதைத்தான் செய்தது.

வழக்கே போட முடியாத தகராறும் உண்டு. காஷ்மீர் பற்றித் துன் மகாதீர் 2019-இல் ஐ.நா. சபையில் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெயைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆணையில் மலேசியா என்ற பெயரே இல்லை. ஆனால் அடி விழுந்தது நமக்குத்தான். பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரியவர்கள் அல்லர் என்று பிரதமரே ஒப்புக்கொண்டார். ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பது இதுதானே! பிறகு இங்கே ஆட்சி மாறியது. மே மாதத்தில் இந்தியாவிடமிருந்து ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தமானது. இந்திய வணிகர்களும் மீண்டும் நம் எண்ணெய் வாங்க வந்தார்கள். தீர்த்து வைத்தது சட்டமல்ல, அரிசி மூட்டை.

அப்படியென்றால் இந்த அமைப்பே வேண்டாமா? வேண்டும். விதி இல்லாத சந்தையில் முதலில் நசுங்குவது சிறிய நாடுதான். மேல்முறையீட்டுக்கு மாற்றாகச் சில நாடுகள் தமக்குள் அமைத்துக்கொண்ட நடுவர் ஏற்பாட்டில் மலேசியா 2025-இல் சேர்ந்தது நல்ல செயல். ஆனால் அதில் சேராத நாட்டை அது கட்டுப்படுத்தாது.

எனவே இன்னொன்றும் வேண்டும். இந்நாட்டின் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு சிறு தோட்டக்காரர்களிடம் உள்ளது. ஜெனீவாவில் வழக்குத் தொடுக்க அரசாங்கத்தால் மட்டுமே முடியும். விலை விழுந்தால் தாங்குவதோ அவர்களும் குலை வெட்டும் தொழிலாளர்களும்தான். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அவர்களைத் தாங்கிப் பிடிக்க என்ன ஏற்பாடு என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். தீர்ப்பு தாமதமாகலாம், அடுப்பு காத்திருக்காது.