கொடிமரமும் கொடிக்கம்பமும்

நம் தமிழ்ப் பள்ளியில், கொடி பறக்கும் தண்டுக்குக் கொடிக்கம்பம் என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அது போதாது என்பது என் வாதம். தமிழில் அதற்குக் கொடிமரம், கொடிக்கம்பம் என இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டவை. தலைவர் ஒருவர் மறைந்தால் கொடி அரைக்கம்பத்தில் பறக்கிறது. அரைமரத்தில் என்று யாரும் சொல்வதில்லை. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களிலிருந்து அகற்றச் சொன்னவையும் கட்சிக் கொடிக்கம்பங்களே. கோயிலுக்குள் நுழைந்தாலோ, ‘கொடிமரத்துக்கிட்ட விழுந்து கும்பிடு’ என்கிறாள் பாட்டி.

தகடு போர்த்திப் பளபளப்பதை மரம் என்பானேன் என்று பிள்ளைகள் கேட்கலாம். தகட்டுக்குள் மரம் இருப்பது வழக்கம் என்பது பாதி பதில்தான். மீதியைக் கொடியேற்ற நாளில் பார்க்க வேண்டும். சிவன் கோயிலில் நந்தி வரைந்த துணி உச்சிக்கு ஏறுகிறது. தண்டில் தர்ப்பை சுற்றி, மாவிலை கட்டி, தீபம் காட்டுகிறார்கள். அந்த நொடியிலிருந்து ஊர் கட்டுப்படுகிறது. கொடி இறங்கும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் விழா. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை. நாகூர்க் கந்தூரியும் கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. சமயம் மூன்று, தொடக்கம் ஒன்று. வெறும் தண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு வராது.

கம்பமும் புனிதம்தானே என்று கொங்கு நாட்டார் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிலில் நடும் கம்பத்துக்கு மக்கள் மஞ்சள் நீர் ஊற்றி வழிபடுகிறார்கள். ஆனால் அது கொடி ஏற்றுவதற்காக நடுவதல்ல. அம்மனின் கணவனாகவே நிற்கிறது. கோயிலோடு தொடர்பில்லாமலே, சென்னைக் கோட்டைப் பக்கம் கொடிமரச் சாலை என்றே ஒன்று இருக்கிறது. அங்கே என் எல்லைக்கோடு மங்குவதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பெயர்கள் அப்படித்தான். அன்றாடப் பேச்சு அவற்றை வைத்து நடப்பதில்லை. கம்பம் தாழ்ந்த சொல் என்றும் நான் சொல்லவில்லை. பள்ளி முற்றத்தில் நிமிர்ந்து நின்று வணங்குவதற்கு அதுவே சரியான சொல்.

இங்கே, வெளிநாட்டில், நாம் எழுப்பிய கோயில்களிலும் கொடிமரம் நிற்கிறது. ‘வெள்ளிக்கிழமை கொடியேற்றம்’ என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் சொன்னால், ஒரு துணி மேலே ஏறப்போகிறது என்று மட்டும் நம் பிள்ளைக்குப் புரிந்தால் பற்றாது. அன்றிலிருந்து பாட்டி ஊரைத் தாண்டமாட்டாள் என்பதும் புரிய வேண்டும்.