அருகிருப்பார் யார்? – இறைநம்பிக்கையும் உடல்நலமும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பினாங்குத் தமிழர்க்குப் புதிதன்று. ஆண்டுதோறும் தைப்பூசத்தில் தண்ணீர்மலையை நோக்கிக் காவடிகள் செல்கின்றன. அவற்றுள் பல, நோய் நீங்கியமைக்கான நேர்த்திக்கடன்கள். தாய்க்கு அறுவை நலமாக முடிந்தது என்று ஒருவர் பால்குடம் ஏந்துகிறார். பிள்ளையின் காய்ச்சல் இறங்கியது என்று மற்றொருவர் அலகு குத்துகிறார். அவ்வூர்வலத்தைக் கண்டு, "நோயைத் தீர்த்தவர் மருத்துவர், நன்றி மட்டும் மலைக்குப் போகிறதே" என்று வினவுவோரும் நம்மிடையே உண்டு. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் கப்பலில் வந்து இறங்கியது இந்தத் தீவில்தான். அன்று தொடங்கி மூன்று தலைமுறையாக இவ்விரு தரப்பாரும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்ந்து வருகின்றனர். இறைநம்பிக்கை உடலுக்கு நலம் தருமா என்ற வினாவில் இருவரும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் சான்றுகள் சொல்வது யாது என்று நாம் பொறுமையுடன் காண்போம்.

முதற்கண் மூன்று வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். கடவுள் உண்டா என்பது ஒரு வினா. கடவுளை நம்புவோர் நலமாக வாழ்கின்றனரா என்பது மற்றொரு வினா. அங்ஙனம் வாழ்ந்தால் அந்நலத்தைத் தருவது எது என்பது மூன்றாம் வினா. நம் மேடைகளில் இம்மூன்றும் கலந்துவிடுகின்றன. நம்பியவர் பிழைத்தார் என்பதைக் கடவுள் உண்மைக்குச் சான்றாக ஆத்திகர் காட்டுகின்றனர். கடவுள் இல்லை என்பதால் நம்பிக்கையால் எந்நலமும் விளையாது என்று நாத்திகர் முடிவுகட்டுகின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இருபுறங்கள். ஒன்று பயன் தருவதனாலேயே உண்மையாகிவிடாது. உண்மையன்று என்பதனாலேயே பயனற்றதாகியும் விடாது. முதல் வினாவை மெய்யியலாரிடம் விட்டுவிட்டு, மற்ற இரண்டை மட்டும் இன்று ஆராய்வோம்.

பிறர்க்காகச் செய்யும் வேண்டுதல் நோயைத் தீர்க்குமா? இதனை எண்களால் அளக்க முற்பட்டோருள் முன்னோடி இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். 1872இல் அவர் எழுதிய கட்டுரையில் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். தேவாலயங்கள்தோறும் மக்கள் அரசரின் நீண்ட ஆயுளுக்காக வேண்டுகின்றனரே, அரசர்கள் மற்றைச் செல்வரைவிட நெடிது வாழ்ந்தனரா? கணக்கிட்டுப் பார்த்ததில் அவர்கள் குறைவாகவே வாழ்ந்திருந்தனர். இதில் கிண்டலும் கலந்திருந்தது. ஆனால் 2006இல் அமெரிக்காவில் வெளியான பேராய்வில் கிண்டல் ஏதும் இல்லை. இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளரை மூன்று குழுவாகப் பிரித்தனர். தமக்காக வேண்டுதல் நடக்கிறதா என்று உறுதியாக அறியாதவருள், வேண்டுதல் பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் அறுவைக்குப்பின் இடர் நேர்ந்தது. வேண்டுதல் நடக்கிறது என்று அறிந்தே பெற்ற மூன்றாம் குழுவில் அது 59 விழுக்காடு. தொலைவிலிருந்து முகமறியாதார் செய்த வேண்டுதல் அந்நோயாளரின் உடலில் நற்பயன் விளைத்ததாகக் காட்ட இயலவில்லை. இவ்வளவில் வழக்கு நாத்திகர் பக்கம் சாய்கிறது.

ஆயினும் வேறொரு சான்று உண்டு. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரை ஏறத்தாழ 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழிபாட்டுக் கூட்டத்துக்கு ஒருபோதும் செல்லாதவரோடு ஒப்பிட, வாரத்தில் ஒருமுறைக்கு மேல் சென்றவரின் இறப்பு விகிதம் 33 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயுற்றவர் நடந்து செல்ல இயலாது. எனவே நலமுள்ளவரே கோயிலுக்குச் செல்கின்றனர் என்று மறுக்கலாம். ஆய்வாளர் அதனையும், புகைப்பழக்கம் முதலியவற்றையும் கணக்கில் கொண்ட பின்னரும் வேறுபாடு எஞ்சியது. அதற்குரிய காரணங்களுள் முதன்மையானதாக அவர்கள் கண்டது, கூடி வழிபடுவோர்க்குக் கிடைக்கும் சமூக ஆதரவு. புகைபிடித்தல் குறைவு, மனச்சோர்வு குறைவு ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

நம் கருத்துக்கு இடையூறான சான்றையும் மறைத்தலாகாது. இஸ்ரேலில் 'கிபுட்ஸ்' எனப்படும் கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகள் உள்ளன. 1970 முதல் 1985 வரை, சமயநெறி ஒழுகும் 11 குடியிருப்புகளையும் சமயச் சார்பற்ற 11 குடியிருப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இருசாராரும் கூடியுண்டு கூடியுழைப்பவரே. எனினும் சமயக் குடியிருப்புகளில் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஆகவே கூட்டுறவு ஒன்றே முழு விடையாகாது. வாழ்வின் ஒழுங்கு, மன அமைதி, துன்பத்துக்குப் பொருள் காணும் ஆற்றல் ஆகியனவும் அந்நலத்தில் பங்கு கொண்டிருக்கலாம்.

இனித் தமிழர் வாழ்வுக்கு வருவோம். மொரீசியசில் தமிழர் எடுக்கும் தைப்பூசக் காவடியை ஆய்வாளர் குழுவொன்று ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. அலகு குத்தியோரின் உடலில் அளவுமானிகளைப் பொருத்தி, விழாவுக்கு முன்னும் பின்னும் அவர்களைக் கவனித்தனர். நிலைத்த உடற்கேடு எதுவும் காணப்படவில்லை. மாறாக, தம் மனநலம் உயர்ந்ததாக அவர்கள் கூறினர். நாட்பட்ட நோயுடையோரே மிகுதியாக அலகு குத்தினர். மிகுந்த வலி ஏற்றவரிடமே அம்மன உயர்வும் மிகுந்திருந்தது. இதனைக் கேட்டு ஆத்திகர் மகிழலாம். ஆனால் அவ்வாய்வு அளந்து கூறிய நன்மை மனத்தைச் சார்ந்தது. அலகு இனிப்புநீரைக் குறைத்தது என்றோ, அடைபட்ட குருதிக்குழாயைத் திறந்தது என்றோ அது கூறவில்லை.

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள முத்துச்சாமி கோயில் மனநோயாளர் பலர் நாடிச் செல்லும் இடம். பெங்களூரின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் அங்கே தங்கிய 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே மருந்து தரப்படவில்லை. மந்திரச் சடங்குகளும் பெரிதாக இல்லை. நாள்தோறும் சிறு பூசை, கோயிலைத் தூய்மை செய்தல், செடிக்கு நீர் ஊற்றுதல் போன்ற எளிய பணிகள் இருந்தன. கட்டணம் இல்லை; சங்கிலி இல்லை. குடும்பத்தார் ஒருவர் எந்நேரமும் உடனிருந்தார். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதனைக் கொண்டு மருந்தை விலக்கலாம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. எனினும் அங்கு நோயாளி எவ்வாறு நடத்தப்பட்டார் என்பது நம் கவனத்துக்குரியது.

அதற்கு ஓராண்டு முன்னர், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. தர்காவின் அருளால் மனநோய் தீரும் என்று நம்பி உறவினர் அழைத்துவந்த நோயாளர் பலர், அதனருகே தனியார் நடத்திய காப்பகங்களில் விடப்பட்டிருந்தனர். அவற்றுள் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். முத்துச்சாமி கோயிலுக்கு வந்தோரும் ஏர்வாடிக்கு வந்தோரும் நம்பிக்கையுடனேயே வந்தனர். ஓரிடத்தில் உறவினர் உடன் தங்கினர். மற்றோரிடத்தில் நோயாளியைச் சங்கிலியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினர். வேறுபாடு தெய்வத்தில் இல்லை. உடனிருந்த மனிதரில் இருந்தது. பின்னாளில் தமிழக அரசு ஏர்வாடியிலேயே மருந்தையும் வேண்டுதலையும் இணைத்து மனநல மருத்துவம் அளிக்க முன்வந்தது பாராட்டத்தக்கது.

நம் மலாயாவின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. தோட்டப்புறங்களில் முன்னோர் முதலில் எழுப்பியவற்றுள் ஒன்று மாரியம்மன் கோயில். கொள்ளையாகத் தாக்கிய மலேரியாவுக்கும் அம்மைக்கும் அஞ்சிய மக்களுக்கு அதுவே துணை. ஆயினும் 1901 தொடங்கிக் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவைத் தணித்தது, மருத்துவர் மால்கம் வாட்சன் முன்னின்று சதுப்பு நிலங்களில் வெட்டுவித்த வடிகால். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்ததற்குக் காரணம் தடுப்பூசி. அம்மன் சன்னிதி கொசுவைக் கொல்லவில்லை. அதேவேளை, பெற்றோரையும் ஊரையும் விட்டுக் கடல்கடந்து வந்தவன் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சி கொடுத்துக் காத்த அண்டை வீட்டாரை அவனுக்கு உறவாக்கியதில் அச்சன்னிதிக்கும் பங்குண்டு. வடிகாலால் அது இயலாது. இரண்டும் வேண்டியிருந்தன.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். இந்நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்கிறார். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கிய அவர், இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் கடவுளைக் குறிக்கவில்லை. இவ்வமைதி இன்றைய வழக்குக்கு நல்ல வழிகாட்டி. சமயம் தன்னை மருந்தாகவோ மருத்துவராகவோ கருதிக்கொள்ளும்போது கேடு விளைகிறது. உழைச்செல்வாராக நிற்கும்போது நலம் விளைகிறது.

நம் மரபின் இரு பெருவாழ்வுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசரைச் சமணத் துறவியர் தம்மால் இயலாது என்று கைவிட்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அது சைவர் நோக்கில் எழுந்த நூல். இரவோடு இரவாக அவர் தேடிச் சென்றது தமக்கையார் திலகவதியாரை. நோய் தீர்த்தது இறையருள் என்று நம்புவோர் நம்பட்டும். அவ்வருளின் வாயிலில் ஒரு தமக்கை நின்றார் என்பதை எவரும் மறுக்க இயலாது. கடவுளை வாழ்நாளெல்லாம் மறுத்த பெரியாரோ 94 ஆண்டுகள் வாழ்ந்தார். இறைமறுப்பால் ஆயுள் குறையும் என்போர்க்கு அவர் வாழ்வே விடை என்பர் அவர் தொண்டர். ஆனால் முதுமையில் நோயோடு ஊர் ஊராகச் சென்ற அப்பெரியவரின் அருகில், உணவும் மருந்தும் கவனித்துக்கொண்டு மணியம்மையார் இருந்தார். நம்பியவர்க்கும் மறுத்தவர்க்கும் உழைச்செல்வார் தேவைப்பட்டனர்.

இக்கருத்து நம் ஊர்க்கு ஏன் இன்றியமையாதது? நம் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றுவிட்டனர். வீடுகளில் முதியோர் தனித்திருக்கின்றனர். மாலையில் மருத்துவமனைக் கூடத்தில் நின்று பார்ப்போர்க்கு இது விளங்கும். ஒரு கட்டிலைச் சுற்றித் திருநீற்றுப் பொட்டலத்தோடு கோயிலன்பர் நால்வர்; அடுத்த கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவர் நாத்திகராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் கோயிலுக்குச் சென்று எவரோடும் பேசாது திரும்பியவராகவும் இருக்கலாம்.

ஆகவே இருதரப்பாருக்கும் ஒவ்வொரு வேண்டுகோள். ஆத்திகப் பெருமக்களே, விரதநாளில் இனிப்புநீர் மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரைத் தடுத்து, மருத்துவரிடம் கேட்டு வருமாறு சொல்லுங்கள். அச்சொல் கோயில் மண்டபத்திலிருந்து வந்தால் அவர்கள் கேட்பர். தைப்பூசத்தில் முகமறியாதவர்க்கும் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்க்கும் கைகள், ஆண்டின் எஞ்சிய நாள்களில் தனித்திருக்கும் முதியோரின் கதவைத் தட்டட்டும்.

பகுத்தறிவாளர்களே, மூடநம்பிக்கையைச் சாடும் உங்கள் பணி தேவையானது. ஏர்வாடி அதற்குச் சான்று. ஆயினும் ஒருவரைக் கோயிலிலிருந்து வெளியே அழைத்தால், அவர் அங்கே பெற்றிருந்த உறவுக்கு ஈடாக நீங்கள் தருவது யாது? வழிபாட்டுக்குச் செல்வோர் மிகக் குறைந்த வடஐரோப்பிய நாடுகளில் மக்கள் நீண்ட ஆயுளோடு வாழ்கின்றனர். அங்கே பேணும் பொறுப்பில் பெரும்பங்கை அரசு ஏற்றுள்ளது. சமயம் கடந்து தமிழரைக் கூட்ட இயலும் என்பதை 1952இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் காட்டியது. அதுபோன்ற கூட்டுறவை நோயாளியின் கட்டிலருகேயும் கொண்டு செல்லுங்கள்.

கடவுள் உண்டா என்ற வழக்கு இன்றிரவு முடியப்போவதில்லை, முடியவும் வேண்டா. இரு தரப்பாரும் அதனைத் தொடர்ந்து நடத்தட்டும். ஆனால் அடுத்தமுறை வழக்காடும் முன்னர், நோயுற்றிருக்கும் ஒருவரை இருவருமாகச் சென்று கண்டு வரட்டும். நாம் எவ்வணியைச் சேர்ந்தவர் என்பதை அவர் கேட்கமாட்டார். மறுபடி எப்போது வருவீர்கள் என்றே கேட்பார்.