தனியாக எடுத்து வைத்த தூக்கு

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, அரங்கத்தின் கைதட்டலில் பாதியை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தோழியே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், கையில் முறுக்கோடு அமர்ந்திருக்கிற பெருமக்களே!

பண்டிகைச் சமையல் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பது கேள்வி. தோழி என்ன சொன்னார்? "பண்டிகை வந்தால்தான் யார் வீட்டில் யார் கை நனைக்க மாட்டார்கள் என்பது வெளிச்சமாகிறது" என்றார். உண்மை. நான் மறுக்கவில்லை. தீபாவளிப் பலகாரத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கி, கொடுத்தவர் தெருமுனை திரும்பியதும் மாட்டுக்குப் போடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மாடு தங்கமான பிராணி. இது யார் வீட்டுச் சமையல்னு கேட்காமச் சாப்பிடும். (சிரிப்பு)

ஆனால் அந்தத் தெருவோடு உலகம் முடிந்துவிடவில்லையே அம்மா! சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரைக்கு வாருங்கள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. கரையிலே அம்மன் கோயில்கள். பக்கத்திலே பள்ளிவாசல்கள். போர்ச்சுக்கீசியர் காலத்திலே, 1515-இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிற மகிமை மாதா ஆலயம். 1613-இல் டச்சுக்காரன் கட்டிய கோட்டை மட்டும் போய்விட்டது. கும்பிடுகிற இடங்கள் மூன்றும் இருக்கின்றன!

ஆடியிலே அங்கே அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, அரிசி நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடிக்கும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, சின்ன வெங்காயம். நடுவருக்கு நாக்கில் ஊறுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. (சிரிப்பு)

ஏன் கூழ்? ஏன் லட்டு இல்லை? கோடையிலே ஏரி வற்றிப்போகும். முகத்துவாரத்தை மணல் மூடினால் படகு கடலுக்குப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் ஏரி நிறையும். ஆடி என்பது கை காய்ந்த மாதம். அந்த மாதத்தில் ஊருக்கே வயிறு நிறைய என்ன கொடுக்க முடியும்? லட்டுக்கு எண்ணிக்கை உண்டு ஐயா! இருபது லட்டு பிடித்தால், இருபத்தோராவது ஆள் வந்ததும் வீட்டுக்காரம்மா முகம் மாறும். கூழுக்கு ஒரு சொம்பு தண்ணி போதும்! (கைதட்டல்)

ரமலான் நோன்புக் கஞ்சிக்கும் அதே கணக்குதான். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். பள்ளிவாசல் வாசலிலே மாலையில் தூக்கோடு நிற்கிற பிள்ளைகளை யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தா ஊற்றுகிறார்கள்? 2001 முதல் இந்தக் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசு அரிசி கொடுக்கிறது. ஊர் அரிசி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகிறது.

"எங்கள் உணவு, உங்கள் உணவு" என்றார் தோழி. எது அம்மா எங்கள் உணவு? அகப்பொருள் இலக்கணத்தைப் புரட்டுங்கள். நெய்தல் நிலத்து மக்களுக்கு உணவு எது? மீனும் உப்பும் விற்றுப் பெற்றது! கடற்கரைக்காரன் வீட்டுத் தானியம் அன்றைக்கே அடுத்த ஊர்க்காரன் தானியம். கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. கருவாட்டுக் குழம்பில் மிதக்கிற மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியக் கப்பலேறி வந்தது. அம்மன் அதை "வெளியூர்க்காரன் சாமான்" என்று ஒதுக்கவில்லை. நாம் யார் ஒதுக்குவதற்கு? (கைதட்டல்)

சண்டையே இல்லாத ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. ஏரியிலே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. வலை கட்டுகிற இடத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிடுவார்கள். அந்தப் பங்கிலே இடமுள்ள ஊரும் உண்டு, இடமில்லாத ஊரும் உண்டு. அதனால் மனக்கசப்பும் தகராறும் உண்டு. தண்ணீரைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடுப்படிச் சேதி வேறு.

தோழி ஒரு கேள்வியை ஈட்டி மாதிரி வீசினார்: "சாமிக்குப் படைத்ததை எல்லாரும் வாங்குவார்களா?" வாங்க மாட்டார்கள். படைத்ததை உண்ண நம்பிக்கை இடம் தராதவர்கள் உண்டு. அதை மதிக்க வேண்டும். ஓர் ஆடி மாதம் அங்கே ஒரு குப்பத்தில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்தேன். அண்டாவிலே கூழ் கொதித்து இறங்கியது. இன்னும் படையல் போடவில்லை. அதற்குள் ஒரு தூக்கில் ஊற்றி, மூடி, ஓரமாக வைத்தார்.

"இது யாருக்கும்மா?" என்றேன்.

"பாய் வூட்டுக்கு சார். ஆத்தாளுக்கு வச்சுட்டா அவங்க சாப்டமாட்டாங்க. அதான் மின்னாடியே எடுத்துட்டேன்."

"அம்மன் கோவிச்சுக்காதா?"

"பசியோட இருக்கறவங்களுக்கு மின்னாடி குடுத்தா ஆத்தா ஏன் சார் கோவிச்சுக்கப் போறா? அவங்களும் நோம்புக் கஞ்சியில எங்களுக்குக் கறி போடாம தனியா எடுத்து வெப்பாங்க. வெள்ளிக்கெழம பாருங்க, நாங்க கவிச்சி தொடமாட்டோம். கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் தெருவுலேர்ந்து அச்சு முறுக்கு வரும். அதுல ஒரு தொந்தரவும் இல்ல!"

தனிப் பாத்திரம் என்றாலே பிரிவினை என்றீர்களே தோழி! தள்ளி வைப்பதற்கும் தனிப் பாத்திரம் உண்டு. உன்னை விட்டுவிட்டு எனக்கு இறங்காது என்று எடுத்து வைப்பதற்கும் தனிப் பாத்திரம் உண்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள்! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்த ஆடிக்கு எதிரணியினர் நால்வரும் பழவேற்காடு வாருங்கள். நான் அந்த அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். தூக்கு மட்டும் அவரவர் கொண்டுவந்துவிடுங்கள்.