கால் பங்கு புத்தகம்



எழுதுவது எப்படி, வரைவது எப்படி, ஒரு கலைஞன் எப்படி உருவாகிறான் என்று சொல்லித்தரும் புத்தகங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அந்தப் புத்தகங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. கதையைப் படிக்கிறவர் கதைக்குள் போய்விடுகிறார். கதை எழுதுவதைப் பற்றிப் படிக்கிறவரோ, இந்தக் கையாலும் முடியுமா என்று தன் கையைப் பார்த்துக்கொள்கிறார். அப்படி நான் படித்த சில நூல்களைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். படித்த இடம் வடசென்னை, திருவொற்றியூர். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பக்கம். அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு கேள்வி கூடவே வரும்: இதில் சொல்லியிருப்பது இந்த ஊரில் செல்லுமா?

முதலில் நன்னூல். பள்ளிக்கூடத்து இலக்கணம் என்று நம்மில் பலர் மூடிவைத்துவிட்ட நூல். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் இயற்றியது. எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்கும் முன், பாயிரத்தில் அவர் வேறு சில விஷயங்களைச் சொல்கிறார். நூல் எப்படி இருக்க வேண்டும், சொல்லித்தருபவர் எப்படி இருக்க வேண்டும், கற்க வருபவர் எப்படி இருக்க வேண்டும் என்ற விஷயங்கள். ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்கிறார். குறைத்துச் சொல்வது குற்றம். கூட்டிச் சொல்வதும் குற்றம். சொன்னதையே திரும்பச் சொல்வது, ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றை விரித்துக்கொண்டு போவது, மிடுக்காகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது, எல்லாமே குற்றம். இன்றைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் புதிதாக எழுத வருகிறவரிடம் எடுத்துச் சொல்லும் குறைகளும் இவைதாம். எழுதி முடித்த ஒரு பக்கத்தை இந்தப் பத்தையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். எந்தப் பக்கமானாலும் நாலு வரியாவது வெட்டுப்படும்.

அதே பாயிரத்தில் கல்வியைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் கற்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வருகிறது. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. கலையைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான். புத்தகமும் ஓர் ஆசிரியர் என்றால், அதற்குரிய பங்கு கால். அதற்கு மேல் புத்தகத்திடம் கேட்பதும் தப்பு, அந்தக் காலையும் வேண்டாம் என்று ஒதுக்குவதும் தப்பு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை சரிசெய்கிறவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். பெரியவர் ஒருவர் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். கிழிந்த இடத்தை அப்படியே சேர்த்துப் பின்னிவிடுவதில்லை. முதலில் கத்தியால், கிழிசலைச் சுற்றியுள்ள பிசிறுகளை அறுத்து எடுக்கிறார். கூடவே நன்றாக இருக்கிற கண்ணிகள் சிலவும் போகின்றன. ஓட்டை முன்னைவிடப் பெரிதாகிறது. அதற்குப் பிறகுதான் நூல் சுற்றிய ஊசி உள்ளே நுழைகிறது. பக்கத்தில் இருக்கும் பையன் கேட்கிறான், “இன்னா நைனா, நல்லதையும் சேத்து அறுக்குற?” “அறுத்தாத்தான்டா கண்ணி கணக்கா வரும்.” எழுதியதைத் திருத்துவது பற்றிப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வதும் இதைத்தான். நாளைக்கு அந்தப் பையன் இன்னொருவனுக்கு இதே பதிலைச் சொல்லும்போது, அவனுக்கு அந்த வேலை முழுதாகக் கைவந்திருக்கும்.

அடுத்து வர்ஜீனியா வுல்ஃப். 1928இல் கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து, 1929இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பெண் கதை எழுத வேண்டுமானால் அவளுக்குக் கையில் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்பது அவர் வாதம். ஆண்டுக்கு 500 பவுண்டு, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. வசதியான வீட்டுப் பெண்மணியின் பேச்சு இது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கும் ஓரறை வீடுகளை நினைத்துக்கொண்டு இந்த நூலைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்குகிறார், விளக்கைப் போட முடியாது. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது, பேச முடியாது. விடிவதற்கு முன்னால் மீன் எடுக்கக் கிளம்ப வேண்டிய அம்மாவுக்கு ராத்திரி என்று ஒன்று மிச்சமில்லை. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு எழுதத் தோன்றினால் எங்கே உட்காருவாள்? வுல்ஃப் கேட்டது கூலியும் இடமும் நேரமும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தொழிற்சங்கக் கோரிக்கையாகவே காதில் விழும். அப்படித்தான் விழ வேண்டும்.

அறை கிடைக்கும் வரை காத்திருக்காதவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். தமிழின் மிக நுட்பமான உரைநடைகளில் ஒன்று பூங்கா பெஞ்சிலும் உருவாகியிருக்கிறது. இதைச் சொல்வது, இடமில்லாதவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக அல்ல. ஒவ்வொரு பேட்டையிலும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் வாசகசாலை வேண்டும், நாற்காலியும் விளக்கும் வேண்டும், பெண்கள் பயமில்லாமல் உட்கார்ந்து எழுதும்படி இருக்க வேண்டும் என்று கேட்பதற்காகச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கால் பங்கு, உடன் கற்பவர்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கினார். 1970 வரை நடத்தினார். புதுக்கவிதையும் விமர்சனமும் அந்தப் பத்திரிகையில்தான் வேர்பிடித்தன. புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். அவருடைய ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’ நூலில் நான் கற்றுக்கொண்டது, ஒரு கதையைக் கூட இருந்து படிக்கும் முறை. கதை எங்கே தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்று நின்று நிதானித்துப் பார்க்கிறார். பாராட்டானாலும் குறையானாலும் கதைக்குள்ளேயே காரணம் காட்டுகிறார். எழுதுகிற நண்பர்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரே ஒரு சிறுகதையை எடுத்து இப்படிப் பேசிப் பாருங்கள். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ என்ற இரண்டையும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் தராத லாபம் அதில் இருக்கிறது.

மூன்றாவது பங்குதான் பெரியது, அரைப் பங்கு. பிறருக்குச் சொல்வது. இங்கே எனக்கு நினைவில் நிற்பவர் திரு.வி.க. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். மதிய உணவுக்குக்கூடப் போதிய நேரமில்லாத அந்தத் தொழிலாளர்கள் முன்னால் அவர் தமிழில் பேசினார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், இலக்கியத்தில் ஊறியவர். ஆனால் ஆலையிலிருந்து களைத்து வந்து நிற்கிறவரிடம் நீண்ட வாக்கியம் எடுபடாது. அவருடைய உரைநடையில் வாக்கியங்கள் குட்டை குட்டையாக, மூச்சுக்கு அடங்கி நிற்கும். அந்த மேடைகள் அந்த உரைநடையில் இருக்கின்றன என்றே நான் நம்புகிறேன். 1925இல் ‘முருகன் அல்லது அழகு’ என்று அழகைப் பற்றியே ஒரு நூல் எழுதியவரும் அவர்தான். மலை, கடல், ஞாயிறு என்று இயற்கையின் அழகில் தோயும் நூல் அது. அழகைப் பற்றி எழுதிய கையும் தொழிலாளர் சங்கத்துக்கு உழைத்த கையும் ஒரே கை. 1944இல் வந்த அவருடைய ‘வாழ்க்கைக் குறிப்புக’ளில் இரண்டு வேலையும் ஒரே வாழ்க்கையாக ஓடுவதைப் பார்க்கலாம். கலையைப் பற்றி வடசென்னைப் பிள்ளைகள் படிக்க வேண்டிய முதல் தன்வரலாறு அது என்பேன்.

சரி, பிறருக்குச் சொல்வதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? இந்த இடத்தில் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயைக் கூப்பிடுகிறேன். ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காப்புஸ் என்ற 19 வயது இளைஞர், தன் கவிதைகளை அனுப்பி அவரிடம் கருத்துக் கேட்டார். 1903 முதல் 1908 வரை ரில்கே எழுதிய பத்துப் பதில் கடிதங்கள் 1929இல் நூலாக வந்தன. முதல் கடிதத்திலேயே ஓர் அறிவுரை இருக்கிறது. உன் அன்றாட வாழ்க்கையில் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றினால் வாழ்க்கையைக் குறை சொல்லாதே, அதன் செல்வத்தை எடுக்கத் தெரியாத உன்னைக் குறை சொல் என்கிறார்.

எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய் நின்றால் இந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்று தெரியும். இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, வலை எதுவும் இல்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனி கண்டுபிடிக்கிறது. இதை ஒரு பக்கத்தில் சரியாக எழுதிவிட்டால் அதுவே இலக்கியம்.

ஆனால் அதே இடத்தில் நின்றுகொண்டு ரில்கேயிடம் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அன்றாடத்தில் குறைவு தெரிந்தால், அது பார்க்கிறவரின் குறை மட்டுமல்ல. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் உண்மையாகவே படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடுகளுக்குள்ளும் ஆற்றிலும் எண்ணெய் படர்ந்தது. இருந்த செல்வம் எடுக்கப்பட்டிருக்கிறது. நன்றாகப் பார்ப்பது என்றால், எடுக்கப்பட்டதையும் பார்க்க வேண்டும். யார் வீட்டு வாசலில் கொட்டப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூர் இறைவனைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. சேக்கிழாரும் அதைச் சுட்டுகிறார். அரசன் ஒருவன் ஊர்களுக்கெல்லாம் ஆணை எழுதி ஓலை அனுப்பியபோது, அந்த ஓலையின் வரிகளுக்கு நடுவே ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று இறைவனே எழுதிவிட்டாராம். அதனால் எழுத்தறியும் பெருமான் என்று பெயர். வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து வழிபட்ட கோயில் இது. இந்தப் பெருமான் மேல் ஒரு பாமாலையே பாடியிருக்கிறார். பின்னாளில் வந்த எத்தனையோ ஆணைகளில் எங்கள் கரைக்கு விலக்கு இல்லாமல் போயிற்று. அந்த வரிகளுக்கு நடுவே எழுத வேண்டியவர்கள் இப்போது நாம்தான்.

எழுதத் தொடங்கியும் ஆகிவிட்டது. 2017இல் வந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகி எழுதியது. டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று, கர்நாடக இசையில், சென்னைத் தமிழில் அதைப் பாடினார். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ நாவலும் பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’ கட்டுரைகளும் இந்த மக்களை உள்ளே இருந்து எழுதின. ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார் கழிமுகத்து இறால் பிடிக்கும் பெண்களைப் படமெடுத்ததோடு நிற்கவில்லை. வடசென்னைப் பிள்ளைகள் கையிலும் கேமராவைக் கொடுத்தார். பவணந்தியார் சொன்ன அந்த அரைப் பங்கு அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய், நான் சொன்ன நூல்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையில் நீங்கள் மட்டும் அறிந்த ஒரு செயலை, முதலிலிருந்து கடைசி வரை, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிரேன் ஓட்டுவதாக இருக்கலாம், கருவாடு காயவைப்பதாக இருக்கலாம், கன்டெய்னருக்கு சீல் வைப்பதாக இருக்கலாம். எழுதியதை அந்த வேலையே தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் புரியவில்லை என்று சொல்லும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். திருத்தி, மறுபடியும் படித்துக் காட்டுங்கள்.