பாசி அறுவடை செய்யும் ஒளி

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிகழ்த்தப்பெற்ற உரை)



திண்டிவனம் என்பது 'புளியங்காடு' எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு என்பர். மரம் தமிழ்ப்பெயரோடு நிற்க, ஊர்ப்பெயர் அயன்மொழிக்குப் போயிற்று. ஊருக்கு நேர்ந்த கேடு இன்று வயற்பாசிக்கும் நேர்ந்துள்ளது.

விழுப்புர வட்டார நெல்வயல் நீரில் படர்வது நீலப்பச்சைப் பாசி. அவ்வினத்துட் சில, காற்றிலிருந்து பயிருக்குத் தழையூட்டம் ஆக்கித் தருவன என்பதை 1939-இல் பி. கே. தே என்னும் ஆய்வாளர் நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தேசிகாச்சாரியார் இவ்வினம்பற்றி எழுதி 1959-இல் வெளிவந்த பெருநூல் ஆய்வுலகம் மதிப்பது. அதுவோ ஆங்கிலத்தில்!

பச்சையம், கதிரொளியின் நீலத்தையும் சிவப்பையுமே பெரிதும் கொள்ளும். இடைப்பட்ட பச்சையையும் மஞ்சளையும் பெரும்பாலும் விட்டுவிடும். நெற்பயிரின் நிழலில் மிகுதியாக எஞ்சுவது அவ்விடையொளியே. அதனைக் கொள்ளவே பாசி தன் உயிரணுவின் மென்படலங்கள்மேல் நிறப்புரதங்களை அடுக்கி வைத்துள்ளது. சில பாசிகளில் அடுக்கின் நுனியில் 'பைக்கோஎரித்ரின்', அடுத்துப் 'பைக்கோசயனின்', அடியில் 'அல்லோபைக்கோசயனின்'. இவை முறையே ஏறத்தாழ 560, 620, 650 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கொள்வன. நுனியில் விழுந்த ஒளியாற்றல், மேட்டு மடையிலிருந்து பள்ளத்து மடைக்குப் பாயும் ஏரிநீர்போல் இறங்கிப் பச்சையத்தைச் சேரும். வழியில் இழப்பு மிகச் சிறிதே. தழையூட்டம் அருகிய காலத்தில் பாசி அப்புரதத்தையே உடைத்துண்டு உயிர்பிழைக்கும். அறுவடைக் கருவியும் அதுவே, களஞ்சியமும் அதுவே!

இப்பெயர்களைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். கிரேக்கத்தில் 'பைக்கோ' பாசி, 'சயன்' நீலம், 'எரித்ர' செம்மை, 'அல்லோ' பிறிது. அவ்வளவே! பாசிநீலம், பாசிச்செம்மை, பிறிதுநீலம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொருள் விளங்கும்.

'உலகத்தோடு ஒட்டாதே' என்பார் உளர். செருமானியர் ஆக்சிசனைச் 'சௌவர்ஸ்டோஃப்' எனத் தம்மொழியிலேயே வழங்குகின்றனர். அவர்தம் வேதியியல் தாழ்ந்தா போயிற்று? உலகப் பெயரைப் பின்னர்க் கற்கலாம். பொருளை முன்னர்க் கற்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! விழுப்புரத்துக்கு அணித்தான ஆரோவில்லில் சுருள்பாசி வளர்க்கப்பெற்றுள்ளது. அதன் உலர்பொடி சிறிது எடுத்து, நீரிலிட்டு ஓரிரவு வையுங்கள். தெளிவை இறுத்தால் நீரில் நீலம் இறங்கியிருக்கும். வலிய ஒளியில் பக்கவாட்டில் நோக்கின் செம்மை மிளிரும். அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டி, 'இதற்கென்ன பெயரிடலாம்?' என வினவுங்கள். பாசிநீலம் என்னும் சொல் அவர்கள் வாயிலிருந்தே பிறக்கும். தன் வயலின் பொருளைத் தன் சொல்லால் அறிந்த பிள்ளையே நாளை புதியது காணும்.

வெல்க தமிழ்!